மூட்டையா, நிலையமா, ஆளா?

கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி அறையொன்றில் இருந்துகொண்டு வன்னி வயலுக்குத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறவன் நான். எழுதுகிறேன் என்பது கொஞ்சம் மிகை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருவதைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நெல்லுக்கான இலை நிற அட்டை பற்றிய ஒரு பக்கத் தாள் வந்தது. அட்டையில் நாலு பச்சை, வெளிறிய மஞ்சட்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சையில் முடியும். வயலில் பத்து இலையை இந்தப் பச்சைகளோடு ஒப்பிட வேண்டும். வெயில் நிறத்தை ஏமாற்றும் என்பதால் நம் உடம்பின் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட இலைகள் குறித்த நிறத்தைவிட வெளிறியிருந்தால் யூரியா போடலாம், இல்லையென்றால் அந்த வாரம் மூட்டையை அவிழ்க்கத் தேவையில்லை.

"முழுமையாக விரிவடைந்த அதியுயர் இலையின் மையப்பகுதி" என்று எழுதியிருந்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"ஆர் மோனை உதை விளங்கிக்கொள்ளுறது? விரிஞ்சு முடிஞ்ச மேல் இலை, அதின்ர நடு எண்டு போடு."

அப்படியே போட்டேன். அடுத்து அவர் கேட்டார்: "சரி, அட்டை எங்க?"

தாள் அச்சாகி ஊருக்குப் போனபோது அந்தக் காலபோகப் பயிர், அதாவது மாரிகால நெல், கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தைத் தாண்டியிருந்தது. அட்டை போகவேயில்லை.

மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத விவசாயத்தை, அதாவது அரச ஆவணங்கள் 'நிலைபேறான விவசாயம்' என்று சொல்வதை வளர்க்க, அரசு காசைப் போடக்கூடிய இடங்கள் பல. கமக்காரனுக்கு மூட்டையாகவோ மானியமாகவோ கொடுக்கலாம். ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுக்கலாம். வரம்புக்கு வந்து பேசுகிற ஆளுக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம். கமக்காரனையே ஆராயச் சொல்லி அவன் கையிலும் கொடுக்கலாம். கொழும்பில் பேசும்போது இவையெல்லாம் ஒரே கோப்புக்குள் கிடக்கும். வயலில் இவை ஒன்றோடொன்று மோதும்.

மூட்டையிலிருந்து தொடங்குவோம், காசில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. இலங்கையில் பசளை மானியம் 1962இல் தொடங்கியது. 2005இல் நெல் செய்கிறவருக்கு 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016இல் மூட்டைக்குப் பதிலாகப் பணம், 2018இல் திரும்பவும் மூட்டை, இம்முறை 500 ரூபாய். 2024 காலபோகத்துக்கு மானியப் பணத்தை ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். மாறி மாறி வந்த அரசுகள் எல்லாம் உருவத்தை மாற்றின, மானியத்தை யாரும் நிரந்தரமாக விடவில்லை. நான் இதைப் பழிக்கவும் மாட்டேன். கையில் காசில்லாமல் விதைப்புக் காலத்தில் நிற்கிறவனுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை சோறு போடாது. மானியம் குறைகளோடு என்றாலும் அவனிடம் போய்ச் சேர்கிறது.

ஆனால் 350 ரூபாய்க்கு யூரியா கிடைத்தால் யார் பத்து இலையை எண்ணிக்கொண்டு நிற்பார்? ஒரு கையால் அட்டையை அச்சடித்துக்கொண்டு மறு கையால் அந்த அட்டைக்குத் தேவையே இல்லாமல் செய்கிறோம். மானியத்தை ஆராய்ச்சிக்குத் துணை என்று எழுதுகிற அறிக்கைகளை நானே பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். எழுதினவர் வரம்பில் நடந்திருந்தால் அந்த வசனத்தை வெட்டியிருப்பார்.

2021இல் நடந்ததையும் மூட்டைக் கணக்கில்தான் சேர்க்கிறேன். 2019 தேர்தல் விஞ்ஞாபனம் சேதன விவசாயத்துக்கு, அதாவது இரசாயனம் சேராத விவசாயத்துக்கு, மாறப் பத்து வருடம் கேட்டது. 2021 மே மாதம் ஒரு வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. பேராதனை விவசாய பீடத்துப் பேராசிரியர்கள் வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். கணக்கு சிக்கலானதும் அல்ல. யூரியாவில் பயிரின் முக்கிய உணவான நைதரசன் 46 வீதம், ஆக 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் 2 வீதம் என்று தாராளமாக வைத்தாலும் அதே 23 கிலோவுக்கு 1,150 கிலோ கூட்டெரு வேண்டும். ஒரு மூட்டை இருந்த இடத்துக்கு ஒரு தொன்னுக்கு மேல்! அதை யார் செய்வது, எதில் ஏற்றுவது, யார் பரவுவது என்று கேட்க ஆளில்லை. பிறகு சீனாவிலிருந்து சேதனப் பசளைக் கப்பல் வந்தது. மாதிரியில் பயிருக்கு நோய் தரும் எர்வினியா பற்றீரியா இருந்ததென்று திருப்பியனுப்பினோம், அதற்கும் 67 இலட்சம் டொலர் கொடுத்தோம். நவம்பரில் தடை நீங்கியது. இரசாயன மூட்டையை எடுத்துவிட்டுச் சேதன மூட்டையை வைத்தால் சேதன விவசாயம் வந்துவிடும் என்று நம்பியதன் விலை அது. இடையில் இருக்க வேண்டிய அறிவை யாரும் இறக்குமதிப் பட்டியலில் தேடவில்லை.

இனி நிலையம். குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் 1952இல் தொடங்கியது. இன்று நாட்டின் நெல் நிலத்தில் 95 வீதத்துக்கு மேல் விளைவது உள்நாட்டில் உருவாக்கிய புதிய இனங்கள்தான். வெள்ளவத்தைக் கடைகளில் விலை பார்த்துப் பார்த்து வாங்குகிற கீரிச் சம்பா பத்தலகொடையின் பிஜி 360 என்ற இனம். வன்னியில் சாதாரணமாக வாயில் வருகிற பிஜி 352உம் அங்கிருந்து வந்ததுதான். ஐம்பதுகளுக்கு முன் ஹெக்டேயருக்கு இரண்டு தொன்னைக் காணாத சராசரி இன்று ஏறத்தாழ இரட்டித்து நிற்கிறதென்றால் அதில் இந்த நிலையத்தின் பங்கை யாரும் மறுக்க முடியாது. அரசு போட்ட காசு இத்தனை மடங்காகத் திரும்பிய இடம் நாட்டில் அதிகமில்லை.

இருந்தும் பெருந்தோட்டப் பயிர்களோடு வைத்துப் பார்த்தால் நெல்லின் நிலை பரிதாபம். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இலேயே வந்தது. லுணுவிலையில் தெங்கு, அகலவத்தையில் இறப்பர். இவற்றுக்கு ஏற்றுமதியில் அறவிடுகிற வரியிலிருந்து ஒரு பங்கு உண்டு. நெல்லும் மரக்கறியும் பெரிய அளவில் ஏற்றுமதியாவதில்லை, ஆகவே அவற்றின் ஆராய்ச்சி திறைசேரியின் வாசலில் நிற்கிறது. எல்லாத் துறைக்கும் சேர்த்து ஆராய்ச்சிக்கு இந்த நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டித்தான்.

நிலையத்துக்கு இன்னும் காசு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகம் வேறு. விதையை மூட்டையில் கட்டி லொறியில் அனுப்பலாம். இரணைமடுவின் கீழ் வாய்க்கால் கடைசியில் இருக்கிற வயலுக்கு எவ்வளவு சாணி, எப்போது தண்ணீர் கட்டுவது, எந்தக் களையை விட்டுவைக்கலாம் என்ற அறிவை அப்படி அனுப்ப முடியாது. அதை அங்கேயே கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கே கண்டுபிடிக்க உதவ வேண்டியவர் யார்? ஒரு காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் விவசாய விரிவாக்க ஊழியர், அதாவது ஆராய்ச்சியில் கண்டதைக் கமக்காரரிடம் கொண்டுவந்து சொல்கிறவர், இருந்தார். 1989இல் ஆயிரக்கணக்கில் அவர்களைக் கிராம உத்தியோகத்தர்களாக்கிவிட்டார்கள். நெல் நோய் பார்த்த கண் அடையாள அட்டை விண்ணப்பம் பார்க்கப் போனது. அதற்கு முன்பே 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்து விவசாய விரிவாக்கத்தை மாகாணத்துக்குக் கொடுத்திருந்தது. ஆராய்ச்சி மத்தியில், பேராதனையில் நின்றது. கமநல சேவை நிலையமும் மத்தியில்தான், ஆனால் வேறு திணைக்களம். மகாவலிப் பகுதியில் மகாவலி அதிகார சபைக்குத் தனி உத்தியோகத்தர்கள்.

சித்தப்பாவின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். மானியப் படிவம் கமநல சேவை நிலையத்தில். பயிர் மஞ்சளித்தால் மாகாணத்து விவசாயப் போதனாசிரியரைத் தேட வேண்டும். அவர் பல கிராமங்களுக்கு ஒருவர். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது அவர் மோட்டார் சைக்கிளும் வரிசையில் நின்றது. புதிய இனம் பத்தலகொடையிலிருந்து வரும். 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தில் ஆலோசனை கேட்கலாம், அது நல்ல ஏற்பாடு, ஆனால் தொலைபேசிக்கு இலையின் நிறம் தெரியாது. ஒரு வாசலில் சொன்னது மற்ற வாசலுக்குக் கேட்பதில்லை. கொழும்பில் இதை 'ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்று எழுதுவோம். "மூண்டு கந்தோர், ஒரு வயல்" என்பார் சித்தப்பா.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. தொண்ணூறுகளில் உலக உணவு, விவசாய நிறுவனத்தின் உதவியோடு வயல் பாடசாலைகள் நடந்தன. கமக்காரர் வாராவாரம் கூடிப் பயிருக்குள் குந்தியிருந்து பூச்சியை எண்ணினார்கள். எது பயிரைத் தின்கிறது, எது அந்தப் பூச்சியைத் தின்கிறது என்று பிரித்தார்கள். பூச்சிமருந்து அடிப்பது கணிசமாகக் குறைந்தது. திட்டக் காசு முடிய பாடசாலையும் முடிந்தது.

படிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஆசையில்லை. வவுனியாவிலும் குண்டசாலையிலும் விவசாயக் கல்லூரி, கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பீடம், உயர்தரத்தில் 2013 முதல் உயிர்முறைமைகள் தொழினுட்பம். கட்டடத்துக்கும் பாடத்திட்டத்துக்கும் குறைவில்லை. எங்கள் மாடிக் குடியிருப்பில் "பிள்ளைக்கு மெடிசின் தவறி அக்றி கிடைச்சிருக்கு" என்று ஒரு தாய் சொன்ன குரலில் இழவு வீட்டுத் தொனி இருந்தது. பட்டம் முடிந்ததும் பிள்ளை அமைச்சுகள் இருக்கிற பத்தரமுல்லையில் ஒரு மேசையைத்தான் தேடும். அந்தப் பிள்ளைக்கு வயலில் ஒரு பதவியை உண்டாக்காமல் பீடத்துக்கு இன்னொரு மாடி கட்டுவதில் என்ன பயன்?

வெளியே இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் வைக்கலாம். இந்தியா 1974இல் புதுச்சேரியில் முதல் வேளாண் அறிவியல் நிலையத்தைத் தொடங்கியது. இன்று 700க்கு மேல். பண்ணை, பயிற்சி, உள்ளூர் வயலில் பரிசோதனை எல்லாம் ஒரே வளவில், மாவட்டத்தோடு ஒட்டி. நமக்குக் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன, ஆனால் விரிவாக்கம் மாகாணத்தில் என்பதால் அந்த ஒரே வளவு நமக்கு வாய்க்கவில்லை.

அமெரிக்காவில் 1988இல் ஒரு திட்டம் வந்தது, பிறகு அதற்கு நிலைபேறான விவசாய ஆராய்ச்சி, கல்வி என்றே பெயரானது. நாட்டை நாலு பிராந்தியமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யாருக்குக் காசு என்று தீர்மானிக்கிற சபையில் கமக்காரரையும் இருத்தினார்கள். அதன் ஒரு பகுதி கமக்காரருக்கே நேரடி நிதி. "என் நிலத்தில் இதைச் செய்து பார்க்கிறேன்" என்று அவர் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும், முடிவை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் 1887இலிருந்து பரிசோதனை நிலையங்களுக்குப் போன காசும் 1914இலிருந்து விரிவாக்கத்துக்குப் போன காசும் நிற்கின்றன. நூறு வருட ஆட்பலத்தின் தோளில் ஏறி நின்று அந்தத் திட்டம் பேசுகிறது. அதை மட்டும் வெட்டியெடுத்து இங்கே நட்டால் 'முன்மொழிவு எழுதத் தெரிந்தவருக்குக் காசு' என்று முடியும். எனக்கு நிறைய மொழிபெயர்ப்பு வேலை வரும்.

என்னைக் கேட்டால் புதிய நிலையம் வேண்டாம். மானியத்தில் ஒரு சிறு பங்கை, பத்தில் ஒன்றையாவது, போதனாசிரியர் எண்ணிக்கைக்கும் அவர் பெற்றோலுக்கும் முதலில் திருப்ப வேண்டும். அவர் ஊன்றிய பிறகு கமக்காரருக்குச் சிறு பரிசோதனை நிதி. மூட்டையைக் குறைத்தால் வாக்குக் குறையும் என்பதும் எனக்குத் தெரியும். போதனாசிரியரை லொறியில் ஏற்றி நாடாவெட்டிக் காட்ட முடியாது. மேடைக்கு மூட்டைதான் பொருத்தம்.

கடந்த போகத்தில் சித்தப்பா யாரும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். ஒரே வயலில் வரம்புக்கு இடப்பக்கம் வழமையான யூரியா, வலப்பக்கம் குறைத்துப் போட்டுச் சாணி. எந்த நாள் என்ன போட்டார், எத்தனை மூட்டை வந்தது என்பதைப் பேரனின் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, படமெடுத்து வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். வலப்பக்கத்து நெல்லைக் காயவைக்க முன் நிறுத்தாரா, பின் நிறுத்தாரா என்று கொப்பியில் இல்லை. ஈரம் தெரியாமல் இரண்டையும் ஒப்பிட முடியாது. ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

"இதை ஆருக்கு மோனை குடுக்கிறது?" என்று குரல் பதிவில் கேட்டிருந்தார்.

கொழும்பில் மூன்று கந்தோருக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது: படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பி அனுப்பவும். இரவு இருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன். 'ஆய்வாளரின் கல்வித் தகைமை' என்ற பெட்டி இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.