நன்னடத்தைப் பிணை மீறலுக்குச் சிறை: மேல்முறையீடா, சீராய்வா?

1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி (Probation of Offenders Act), அதாவது சிறைக்கு அனுப்பாமல் ஒழுங்காக நடப்பேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்கி விடுவிக்கப்பட்டு, வெளியே இருந்தவர் அந்தப் பத்திர நிபந்தனையை மீறியதாக மாஜிஸ்திரேட் சிறைத் தண்டனை விதித்துவிட்டார். சரி, அடுத்து?

மேல்முறையீடு என்றால் செஷன்ஸ் கோர்ட், 30 நாள் கெடு. அங்கே சாட்சியத்தையே திரும்ப அலசலாம். நன்னடத்தை அலுவலர் (அவரைக் கண்காணிக்கும் அதிகாரி) முன் ஆஜராகாத அன்று ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தார், தாக்கல் செய்த டிஸ்சார்ஜ் சீட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் அதையே பிடித்து வாதாடலாம். பலரும் கவனிக்காத இன்னொன்று: முதல்முறை மீறலுக்கு 50 ரூபாய்க்கு மிகாத அபராதத் தொகை விதித்து, பிணையைத் தொடர விடவும் அதே சட்டத்தின் பிரிவு 9 இடம் தருகிறது.

சீராய்வுக்கு (revision, கீழ்க்கோர்ட் உத்தரவை மேல்கோர்ட் சரிபார்ப்பது) 90 நாள் உண்டு. ஆனால் உத்தரவு சட்டப்படி சரியா என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மேல்முறையீட்டுக்கு வழியிருந்தும் போகாதவரின் சீராய்வு மனு பொதுவாக நிற்காது. ஆகவே முதலில் மேல்முறையீடுதான்; கூடவே தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் போட்டுவிடுங்கள்.