லேத்தில் அறுத்துப் பார்த்த ஆயில் ஃபில்டர்கள்

எங்கள் வீட்டு ஹூண்டாய் ஐ10 2012-இல் வாங்கியது. 1.2 கப்பா எஞ்சின், பெட்ரோல். இன்றைக்கு ஓடோமீட்டர் 1,31,000 கிலோமீட்டரைத் தாண்டி நிற்கிறது. இதுவரை பதினைந்து ஆயில் ஃபில்டர் மாற்றியாயிற்று. முதல் ஐந்தும் கம்பெனி சர்வீஸில் மாட்டியவை. அவர்கள் என்ன போட்டார்கள் என்று நான் கேட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை. ஆறாவதிலிருந்துதான் தெருமுனை மெக்கானிக்கிடம் போக ஆரம்பித்தேன். ஃபில்டர் எது வாங்கட்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "உள்ளே பேப்பர்தானுங்களே சார், எதுவா இருந்தா என்னங்க?"

நானும் அப்படியே நினைத்து, கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததை வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் போனது. அப்புறம் ஒரு நாள் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று ஒரு சத்தம், உடனே அமைதி. பகலில் எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் வராது. இரவு முழுக்க நின்ற வண்டியில் மட்டும் வரும். டைமிங் செயின் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி) போய்விட்டது என்று ஒருவர் பயமுறுத்தினார். செயின் செலவு எவ்வளவு என்று விசாரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் கோளாறு ஃபில்டரில் இருந்தது.

ஸ்பின்-ஆன் ஃபில்டரின், அதாவது டப்பாவோடு அப்படியே முறுக்கி மாட்டும் ஃபில்டரின், வாயில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள், நடுவில் மரையோடு ஒரு பெரிய ஓட்டை இருக்கும். ஆயில் ஓரத்து ஓட்டைகள் வழியாக உள்ளே போய், மடித்த பேப்பரை வெளியிலிருந்து உள்ளாகக் கடந்து, நடு ஓட்டை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. ஓரத்து ஓட்டைகளுக்கு அடியில் தட்டையாக ஒரு ரப்பர் வளையம் உண்டு. எஞ்சினை நிறுத்தியதும் ஃபில்டரில் இருக்கும் ஆயில் திரும்பக் கீழே சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்காமல் தடுப்பது அதன் வேலை. ஃபில்டர் வாய் மேலே பார்க்கத் தொங்கும் எஞ்சினில் இதற்கு அவ்வளவு வேலை இல்லை. படுத்தவாக்கிலோ தலைகீழாகவோ மாட்டியிருந்தால் இதுதான் உயிர். இது ஒழுகினால் காலையில் ஃபில்டர் காலியாக இருக்கும். பம்ப் முதலில் அதை நிரப்பி, அப்புறம்தான் மேலே செயின் டென்ஷனருக்கும் கேம் ஷாஃப்டுக்கும் ஆயில் அனுப்ப வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடிதான் அந்தச் சத்தம்.

2012-இல் அமெரிக்காவில் ஹூண்டாய் தன் பணிமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. வேறு கம்பெனி ஃபில்டர் போட்ட வண்டி எஞ்சின் சத்தம் என்று வந்தால், முதலில் ஒரிஜினல் ஃபில்டரையும் புது ஆயிலையும் போட்டுப் பார்க்கச் சொல்லி. நானும் அதையே செய்தேன். மோபிஸ் (ஹூண்டாயின் ஒரிஜினல் பாகங்கள் வரும் பெயர்) ஃபில்டர் மாட்டிய மறுநாள் காலையிலிருந்து சத்தம் இல்லை.

அதற்குப் பிறகுதான் இது ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. கழற்றும் ஃபில்டரை எல்லாம் தூக்கிப்போடாமல் ஆயிலை வடித்து வைத்தேன். நான்கு சேர்ந்ததும் லேத் வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோனேன். கோயம்புத்தூரில் லேத்துக்கா பஞ்சம்? ஹேக்ஸாவால் அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே விழும், எது எஞ்சின் தூள், எது அறுத்த தூள் என்று தெரியாது. அதனால் விளிம்பு மடிந்திருக்கும் இடத்தில் டூலை வைத்து நிதானமாக வெட்டச் சொன்னேன்.

சத்தம் போட்ட அந்த மலிவு ஃபில்டரில் ரப்பர் வளையம் வறண்ட அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. மடித்துப் பார்த்தால் விரிசல் விட்டது. பேப்பர் மடிப்புகளை எண்ணினேன், 38. நல்லவற்றில் ஒன்றில் 52. மடிப்புகளும் சீராக இல்லை. ஒரு பக்கம் நெருக்கியடித்து, இன்னொரு பக்கம் விரலே போகும் இடைவெளி. பேப்பரின் இரு முனையும் சேரும் இடத்தில் பசை பாதி விட்டிருந்தது. அந்த வழியாகப் போன ஆயிலை எந்தப் பேப்பரும் வடிகட்டியிருக்காது. ஒரு விஷயம் மட்டும் நான் நினைத்ததற்கு மாறாக இருந்தது. நல்ல ஃபில்டர்களில் ஒன்றில் பேப்பரின் மேலும் கீழும் தகர மூடிக்குப் பதில் ஃபைபர் மாதிரி ஒன்றுதான் ஒட்டியிருந்தது. அட்டை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று திட்டப்போனேன். ஆனால் ஒட்டு கொஞ்சமும் விடவில்லை. மூடி எதில் செய்தது என்பதைவிட ஒட்டு நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி மைக்ரான் விஷயம், அதாவது ஃபில்டர் எவ்வளவு சிறிய துகளைப் பிடிக்கும் என்பது. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டப்பாவில் "20 மைக்ரான்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடித்தாலும் 20 மைக்ரான்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைப் பிடித்தாலும் 20 மைக்ரான்தான். ஃபில்டர் எவ்வளவு வடிகட்டுகிறது என்று அளக்கும் சர்வதேச முறையான ஐ.எஸ்.ஓ 4548-12 சோதனையில் இத்தனை மைக்ரானில் இத்தனை சதவீதம் என்று சொன்னால் ஒப்பிடலாம். சில்லறைக் கடையில் விற்கும் டப்பாக்களில் அதை நான் பார்த்ததில்லை. நுண்ணிய ஃபில்டர் தேய்மானத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஜெனரல் மோட்டார்ஸின் 1988 ஆய்வில், 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரானில் தேய்மானம் பாதியானது. ஆனால் அது ஆயிலில் வேண்டுமென்றே தூசியைக் கொட்டிச் செய்த சோதனை. ஏர் ஃபில்டரை ஒழுங்காக மாற்றும் வண்டியில் அவ்வளவு தூசி ஆயிலுக்கு வருவதே இல்லை. பாஷ், புரோலேட்டர், மோபிஸ் மூன்றும் மாறி மாறிப் போட்டிருக்கிறேன். மைலேஜிலோ சத்தத்திலோ எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. (புரோலேட்டர் என்பது "ப்யூர் ஆயில் லேட்டர்" என்ற மூன்று சொல்லை ஒட்டிய பெயராம், 1920-களில் வைத்தது.)

அளவில் மட்டும் விளையாடக் கூடாது. மரை ஒன்றுதானே என்று கொஞ்சம் பெரிய ஃபில்டரை மாட்டுகிறவர்கள் உண்டு. மரை பொருந்தினாலும் பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம். பேப்பர் அடைத்துக்கொண்டால் எஞ்சின் காய்ந்துவிடாமல், அழுக்கு ஆயிலையாவது அனுப்பும் வால்வு அது.

இவ்வளவு படித்தும் நான் நடுரோட்டில் நின்றது ஃபில்டரின் தரத்தால் அல்ல. அவசரத்துக்கு வேறொரு பட்டறையில் ஆயில் மாற்றினேன். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் கேஸ்கெட் (எஞ்சினோடு சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் அடைக்கும் வெளி வளையம்) எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதை அந்தப் பையனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதன்மேலேயே புதியதை முறுக்கிவிட்டான். பொள்ளாச்சி போகும் வழியில் கிணத்துக்கடவு தாண்டியதும், இரட்டை கேஸ்கெட் வழியாக ஆயில் கசிந்து, ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே அணைத்துவிட்டதால் எஞ்சின் பிழைத்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் ஒட்டவே இல்லை. ரெக்கவரி வண்டிக்குக் கொடுத்த பணத்தில் பத்து ஃபில்டர் வாங்கியிருக்கலாம்.

இப்போதெல்லாம் கழற்றிய ஃபில்டரைக் கையில் வாங்கி, கேஸ்கெட் அதிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதியதைக் கொடுக்கிறேன். கையில் வாங்கும்போது அது கனமாக, ஆயில் நிறைந்து வந்தால் உள்ளே அந்த ரப்பர் வளையமும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். புது கேஸ்கெட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, எஞ்சினைத் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று. ரெஞ்சு போட்டு இறுக்க விடுவதில்லை. அடுத்த முறை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் கழற்றும் கூத்து அதனால்தான் வருகிறது.

வாங்குவது மோபிஸ், டீலர் கவுன்டரில் மட்டும். ஒருமுறை வெளிக்கடையில் வாங்கிய "ஒரிஜினல்" டப்பாவில் ஹோலோகிராம் ஸ்டிக்கர் நகத்தால் சுரண்டியதும் சாயமாக வந்தது, மரையில் பிசிறு கையைக் கிழித்தது. நல்ல ஃபில்டருக்கும் மட்டமானதற்கும் நூறு, நூற்றைம்பது ரூபாய்தான் வித்தியாசம். மூன்றரை லிட்டர் ஆயில் கேனுக்கு ஆயிரத்தைந்நூறுக்கு மேல் கொடுத்துவிட்டு இங்கே கணக்குப் பார்ப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இரண்டு ஃபில்டர் எப்போதும் அலமாரியில் இருக்கும். மாட்டும் முன் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் ஃபில்டர் மேலேயே எழுதிவிடுகிறேன். இப்போது மாட்டியிருப்பதில் 1,28,400 என்று இருக்கிறது.