மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கு: டிவிஎஸ் ஜூப்பிட்டர் 125-உடன் ஆறு மாதங்கள்

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த பழைய ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு, 2025 அக்டோபரில், ஆயுதபூஜைக்கு அடுத்த வாரம், டிவிஎஸ் ஜூப்பிட்டர் 125 வாங்கினேன். மேடவாக்கத்தில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியாகப் போக 13 கி.மீ., திரும்பி வர 13 கி.மீ. என்று வாரத்தில் ஆறு நாள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோயிலுக்கும் மருந்துக்கடைக்கும் போகிறேன். ஓடோமீட்டர் இப்போது 4,100 கி.மீ. காட்டுகிறது. வண்டி புதிதாக இருக்கும்போது வரும் மயக்கம் தெளிந்து, அதன் குணம் கைக்கும் காலுக்கும் பழகிவிட்ட பிறகு எழுதுகிறேன்.

வண்டி வாங்குவதற்கு முன் நான் படித்தவற்றிலும் பார்த்தவற்றிலும் பெரும்பகுதி பிக்கப்பைப் பற்றியும் உச்ச வேகத்தைப் பற்றியும் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு வேளச்சேரியைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தகவல்களால் பெரிய பயன் இல்லை. எங்கள் சாலையில் வேகமுள் 40-ஐத் தாண்டுவதே அரிது. அன்றாடம் ஓட்டுகிறவரைக் களைப்படையச் செய்பவை வேறு: ஸ்டாண்டு போடுவது, ஸ்டாண்டு எடுப்பது, சிக்னலில் காலூன்றுவது, பையை வைப்பது, ஹெல்மெட்டை வைப்பது, பெட்ரோல் போடுவது. ஒரு நாளைக்கு இருபது தடவை செய்யும் இந்தச் சின்ன வேலைகளில் எந்த வண்டி நம் உடம்பை மிச்சப்படுத்துகிறதோ, அதுவே அன்றாடத்துக்கு ஏற்ற வண்டி என்று உறுதியாக நம்புகிறேன். அந்தக் கணக்கில்தான் ஜூப்பிட்டர் 125-ஐத் தேர்ந்தெடுத்தேன்.

பெட்ரோல் போடுவதையே எடுத்துக்கொள்கிறேன். என் பழைய வண்டியில் டேங்க் மூடி இருக்கைக்கு அடியில் இருந்தது. பங்கில் வரிசை நகர்ந்து என் முறை வந்ததும் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, இருக்கையைத் தூக்கி, மூடியின் மேல் கிடக்கும் ரெயின்கோட்டையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மீட்டரில் பூஜ்யம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்குள் பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்துவிடுவார். ஜூப்பிட்டர் 125-இல் டேங்க் கால் வைக்கும் தளத்துக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் வாய், ஓட்டுபவரின் முழங்காலுக்கு எதிரே முன்பலகையில் இருக்கிறது. உட்கார்ந்தபடியே சாவியைத் திருப்பினால் மூடி திறக்கிறது, ஊழியர் குழாயை நீட்டுகிறார், என் கண் மீட்டரை விட்டு அகலுவதில்லை. ஆக்டிவா, ஆக்சஸ் போன்ற வண்டிகளிலும் இப்போது இருக்கையைத் திறக்காமல் வெளியிலிருந்தே பெட்ரோல் போடலாம். ஆனால் அவற்றில் வாய் பின்புறம் இருப்பதால் இறங்கித் திரும்பித்தான் பார்க்க வேண்டும். முன்கொக்கியில் காய்கறிப் பை தொங்கினால் அதைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க முடியும் என்பது மட்டும் இந்த அமைப்பில் இருக்கும் சிறு தொந்தரவு. டேங்கின் கொள்ளளவு 5.1 லிட்டர், எனக்கு வாரம் ஒருமுறை பங்குக்குப் போனால் போதும்.

டேங்க் கீழே போய்விட்டதால் இருக்கைக்கு அடியில் கிடைத்த இடம்தான் இந்த வண்டியின் உண்மையான லாபம். டிக்கியின் கொள்ளளவு 33 லிட்டர். 2025-இல் புதுப்பிக்கப்பட்ட ஆக்சஸ் 125-இல் அது 24.4 லிட்டர். எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாத இந்த வித்தியாசம், பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றிருக்கும் நம் ஊரில் பெரிய வித்தியாசம். கோயில் வாசலில் என் ஹெல்மெட்டையும் அம்மாவின் ஹெல்மெட்டையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போகிறோம். வேலை நாள்களில் அதே இடத்தில் சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், ரெயின்கோட்டு, மாலையில் வாங்கும் இரண்டு கிலோ காய்கறி எல்லாம் அடங்கிவிடுகின்றன.

என் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூடுதல். இருக்கையின் உயரம் 765 மி.மீ. என்பதால் சிக்னலில் இரண்டு பாதங்களின் முன்பகுதியையும் தரையில் ஊன்ற முடிகிறது. ஒரு காலை முழுவதுமாக ஊன்ற வேண்டுமென்றால் சற்றுச் சாய வேண்டும். வண்டியின் எடை 108 கிலோ. ஓடும்போது அந்த எடை தெரிவதில்லை, டேங்க் தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் வண்டி நிதானமாகவே நிற்கிறது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் சரிவான நிறுத்துமிடத்தில் பின்னோக்கித் தள்ளும்போது அந்த 108 கிலோவும் தோளில் இறங்குகிறது. உயரம் குறைந்தவர்கள், கை மூட்டு வலி உள்ளவர்கள் ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒருமுறை பின்னோக்கித் தள்ளியும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். சென்டர் ஸ்டாண்டைப் பொறுத்தவரை கவலை இல்லை. அதற்கென டிவிஎஸ் தனியாக வடிவமைத்த ஸ்டாண்டு இதில் இருக்கிறது. காலால் அழுத்தினாலே வண்டி பின்வாங்கி ஏறிக்கொள்கிறது, இடுப்பை வளைத்துத் தூக்க வேண்டியதில்லை.

என்ஜின் 124.8 சிசி, 8.15 குதிரைத்திறன், 10.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முறுக்குவிசையின் உச்சம் நிமிடத்துக்கு 4,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால், அம்மாவோடு மேடவாக்கம் மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருக வேண்டியதில்லை. பிக்கப் வேண்டும் என்பவர்களுக்கு ஆக்சஸ்தான் ஏற்றது என்று என் அலுவலகத்தில் அதை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், சரிதான், அது சட்டென்று பாய்கிறது. ஆனால் ஆக்சஸின் பின்சக்கரம் 10 அங்குலம், ஜூப்பிட்டரில் இரண்டு சக்கரங்களும் 12 அங்குலம். மெட்ரோ பணிகளுக்காகத் தோண்டி மூடிய சாலைகளில் தினமும் போகிறவருக்கு அந்த இரண்டு அங்குலம் முதுகெலும்பில் தெரியும். சிறிய சக்கரம் பள்ளத்துக்குள் முழுவதுமாக இறங்கி ஏறுகிறது, பெரிய சக்கரம் அதன் விளிம்பைத் தொட்டுக் கடந்துவிடுகிறது. பின் சஸ்பென்ஷனின் இறுக்கத்தை மூன்று நிலைகளில் மாற்றலாம். நான் தனியாகப் போகும்போது மிக மென்மையான நிலையிலும், அம்மா வரும்போது நடு நிலையிலும் வைத்துக்கொள்கிறேன்.

பெட்ரோலை டேங்க் நிறைய நிரப்பி, மறுமுறை நிரப்பும்போது ஊற்றிய அளவைக் கொண்டு கணக்கிட்டு வருகிறேன். லிட்டருக்கு 47 முதல் 50 கி.மீ. வரை கிடைக்கிறது. மாதத்துக்கு 650 கி.மீ. ஓடினால் பதினான்கு லிட்டருக்குள் முடிகிறது, சென்னை விலைக்கு ஏறத்தாழ 1,400 ரூபாய். தனியாக மட்டுமே ஓட்டுபவர்களுக்கு, 2024-இல் புதிதாக வந்த 113.3 சிசி ஜூப்பிட்டரே போதும் என்பது என் கருத்து. அதிலும் முன்பக்கம் பெட்ரோல் போடும் வசதியும் பெரிய டிக்கியும் இருக்கின்றன.

மின்சார ஸ்கூட்டரையும் மனதார யோசித்தேன். ஒரு நாளைக்கு 26 கி.மீ. என்பது அதற்கு மிகப் பொருத்தமான தொலைவு. ஆனால் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் தனி மீட்டரோடு சார்ஜ் செய்யும் வசதி இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து வயரைத் தொங்கவிடுவதற்கு நான் ஒப்பவில்லை. தரைத்தளத்தில் சொந்த பிளக் பாயின்ட் இருப்பவர்கள் மின்சார வண்டியை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பெட்ரோல் வண்டிக்கு வரலாம்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதைவிட அதற்கான பில்லைப் படிப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதன்படி எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது பதிவுச் செலவும் காப்பீடும் சேராத விலை, ஏறத்தாழ 8 விழுக்காடு இறங்கியது. ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வண்டிக்குத் தமிழ்நாட்டில் விலையில் 10 விழுக்காடு ஆயுட்கால வரி என்பதால் அந்த வரியும் சேர்ந்து இறங்கியது. இவ்வளவு குறைந்த பிறகும், நான் முதலில் போன ஷோரூமில் தந்த கொட்டேஷனின் கடைசித் தொகை நான் போட்டு வைத்திருந்த கணக்கைவிட ஏழாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தது. வரிவரியாகப் பிரித்துத் தரும்படி கேட்டேன். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று 1,950 ரூபாய், ஆக்சசரீஸ் என்று 4,200 ரூபாய், மீதி இன்சூரன்சில். ஆக்சசரீஸ் எனக்கு வேண்டாம் என்றேன். "மேடம், இது எல்லாருக்கும் போடறதுதான், இல்லாம டெலிவரி பண்ண மாட்டோம்" என்று பதில் வந்தது. அந்தப் பட்டியலில் ஹெல்மெட்டுக்குத் தனி விலை போட்டிருந்தார்கள், பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிக்கும் விலை போட்டிருந்தார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆவது விதி, இருசக்கர வண்டி வாங்கும்போது இந்தியத் தரநிர்ணயத்துக்கு உட்பட்ட ஹெல்மெட்டை உற்பத்தியாளரே தர வேண்டும் என்கிறது. 123-ஆவது விதி பின்னிருக்கைக்காரருக்கான கைப்பிடியையும் கால்வைப்பானையும் வண்டியின் பாதுகாப்பு உறுப்புகளாகவே சொல்கிறது. சட்டப்படி வண்டியோடு வர வேண்டியவற்றைத் தனிப்பொருளாக விற்பது வாங்குபவரின் அறியாமையைக் காசாக்குவது. மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வண்டி வாங்க வருகிறவர்களிடம் அதைச் செய்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் போன இன்னொரு ஷோரூமில் அதே வண்டிக்கு ஹேண்ட்லிங் சார்ஜ் இல்லாமல், ஹெல்மெட்டோடு, ஒவ்வொரு தொகைக்கும் தனி ரசீது தருவதாக ஒப்புக்கொண்டு அப்படியே தந்தார்கள். ஆகவே குறைந்தது இரண்டு ஷோரூம்களில் எழுத்து வடிவில் கொட்டேஷன் வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

இன்சூரன்சிலும் கவனம் தேவை. புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு, கட்டாயம். 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான வண்டிக்கு அதன் தொகை 3,851 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. இதில் எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் வித்தியாசம் இராது. வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு எடுத்தால் போதும், அதைத்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிட வேண்டும். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அதைக் காட்டி இரண்டாவது முறை எடுப்பதைத் தவிர்க்கலாம். நான் தேய்மானக் கழிவு இல்லாத ஜீரோ டெப் வகையை எடுத்துக்கொண்டேன். ஜூப்பிட்டர் 125-இல் முன் மட்கார்டும் பக்கப் பலகைகளும் உலோகத் தகடு என்றாலும், விளக்குகளும் உள்பலகைகளும் பிளாஸ்டிக்தான். சாதாரணக் காப்பீட்டில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையே கிடைக்கும்.

வண்டியை எடுக்கும் நாளில் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றிதழில் வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று எழுதியிருக்கும். சேஸி எண்ணை வண்டியில் கண்ணால் பார்த்து, அந்தத் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் கிடங்கில் நின்ற வண்டியாக இருந்தால் பேட்டரியையும் டயரையும் உங்கள் முன்னால் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மழையைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் அதையும் சொல்கிறேன். டேங்க் கீழே இருப்பதால் தண்ணீர் புகுந்துவிடுமா என்று எனக்கும் அச்சம் இருந்தது. டேங்க் மூடிய கலம். அதன் வாய் மேலே முழங்கால் உயரத்தில் இருக்கிறது. தேங்கிய நீரில் எந்த ஸ்கூட்டருக்கும் ஆபத்து என்ஜினுக்குக் காற்று போகும் வழியிலும், பெல்ட் இருக்கும் பெட்டியிலும்தான். டிசம்பர் முதல் வாரத்தில் டிட்வா புயலை ஒட்டிப் பெய்த மழையில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய சாலையில் சக்கரத்தின் கால்பங்கு மூழ்கும் அளவு நீரில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டி வந்தேன். வண்டி எங்கும் நிற்கவில்லை. அச்சு மூழ்கும் அளவுக்கு நீர் இருந்த இன்னொரு நாள், வண்டியை மேட்டிலேயே நிறுத்திப் பூட்டிவிட்டு மீதித் தொலைவை நடந்தேன். ஈரச் சாலையில் முன்பக்க டிஸ்க் பிரேக் தந்த நம்பிக்கைக்காக, டிரம் பிரேக் வகையைவிடக் கூடுதலாகக் கொடுத்த பணம் தகும் என்றே நினைக்கிறேன். 125 சிசி வரையிலான வண்டிகளில் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயம் என்பதால் டிரம் வகையிலும் அது இருக்கும். ஆயினும் டிஸ்க் வண்டியில் விரல் நுனியால் அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேகம் குறைவதை மழை நாளில்தான் உணர்ந்தேன்.