யாரும் எடுக்காத கூடைப்பந்து ஆட்டக்காரர்: கொடைக்கானல் மலையில் தேட நான்கு வழிகள், எது தேறும்?

பன்னிரண்டு பேர் அணியில் ஏழு இடம் நிலையாக இருக்கிறது, ஐந்து காலி. கையில் பெரிய பணம் இல்லை. பெயர் வாங்கிய ஆட்டக்காரர்களை வங்கிகளும் ரயில்வேயும் வேலை கொடுத்து எப்போதோ வளைத்துவிட்டன. சரிந்து கிடக்கும் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியைத் தூக்கி நிறுத்த வேண்டியவர் இந்த நிலையில் கொடைக்கானல் மலை ஏறிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. காரணம், சான்றிதழ். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் துறைகள் முதலில் கேட்பது மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழை. மன்னவனூரிலோ பண்ணைக்காட்டிலோ ஆடும் பையன் அந்தக் காகிதம் இல்லாததாலேயே எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. தனியார் லீக் அணிக்கு அந்தக் காகிதம் தேவையில்லை. 2025-ல் ஆறு அணிகளோடு நடந்த 25 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்து லீக்கான ஐ.என்.பி.எல். புரோ மாதிரியான லீக்குகள் வந்தபின் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் 1989 முதல் இரண்டே சுற்று. அறுபது பேரை ஒட்டி எடுப்பார்கள், மற்றவர்கள் வெளியே. அப்படி 1996-ல் வெளியே நின்றவர் பென் வாலஸ். கூடையடியில் ஆடும் சென்டர் இடத்துக்கு உயரம் போதாது என்பது அவர் மேல் இருந்த குறை. 2000-ல் டெட்ராய்ட் அணி தன் நட்சத்திரம் கிராண்ட் ஹில்லை ஆர்லாண்டோ அணிக்கு விட்டுக்கொடுத்தபோது, பதிலுக்கு வந்த இருவரில் ஒருவராக அங்கே போய்ச் சேர்ந்தார். நான்கு முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். 2004-ல் அந்த அணி இறுதித் தொடரில் லேக்கர்ஸ் அணியை 4–1 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அதே அணியில் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு சான்சி பில்லப்ஸ், 1997-ல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டும் ஐந்தே வருடத்தில் அணி அணியாகக் கைமாறி வந்தவர். ஆக, டெட்ராய்ட் யாருக்கும் தெரியாத ஆளைத் தோண்டி எடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் விட்டுவிட்ட ஆளை, ஏன் விட்டார்கள் என்று பார்த்து எடுத்தது. கீழே வரும் நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறோம்.

ஓபன் டிரையல்ஸ்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. போஸ்டர் ஒட்டி, ஒரு கோர்ட்டைப் பேசி, நாற்பது பிள்ளைகளை வரவழைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஏமாறுவதும் இதில்தான் அதிகம்.

முதல் கோளாறு கணக்கில் இருக்கிறது. ஆளுக்கு 30 த்ரீ பாயிண்ட் (மூன்று புள்ளிக்கான தூர எறிதல்) எறியச் சொல்கிறோம். நூற்றுக்கு 30 போடும் சாதாரணக் கை, அந்த 30-ல் 12 அல்லது அதற்கு மேல் போட்டுவிட ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. நாற்பது பேருமே சாதாரணக் கை என்றாலும், அன்றைக்கு ஆறேழு பேர் 40 சதவீதக் கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள். நாம் கையெழுத்து வாங்குவது அந்த ஆறேழு பேரிடம். 200 எறியவிட்டால் இந்த மாயம் கலையும், 200-ல் 80 வெறும் அதிர்ஷ்டத்தில் விழுவது மிக அரிது. ஒரே நாளில் 200 எறிந்தால் தோள் தளர்ந்துவிடும் என்பதால் 70, 70, 60 என்று மூன்று நாளாகப் பிரிக்கவும். கூடவே, கோட்டில் நின்று தடுப்பாரில்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோ 50, ஒரு ஓட்டத்துக்கு இரண்டு வீதம், மூச்சு வாங்க வாங்க. அதில் 40 போடுபவரின் தூர எறிதல் இன்று சுமாராக இருந்தாலும் தேற்றிவிடலாம். த்ரீ விழுந்தும் ஃப்ரீ த்ரோவில் 25-ஐத் தாண்டாதவரை நம்ப வேண்டாம்.

இரண்டாவது கோளாறு பேருந்து. காலை 7 மணிக்கு டிரையல்ஸ் என்று போட்டால் மேல்மலைப் பிள்ளைகள் அங்கேயே கழன்றுவிட்டார்கள். மன்னவனூர், கவுஞ்சி பக்கம் பேருந்து எண்ணி எண்ணித்தான் வரும். 11 மணிக்குத் தொடங்கி, கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் முடிக்க வேண்டும். மலைவளைவில் வாந்தி எடுத்து இறங்கிய பிள்ளையை அன்றே ஓடவிட்டுப் பார்ப்பது நியாயமுமல்ல, பயனுமில்லை.

மூன்றாவது, உயரம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. வத்தலக்குண்டிலிருந்து அன்று காலை ஏறி வந்த பையன் நான்காவது ஓட்டத்தில் இடுப்பில் கை வைத்துவிடுவான், மலைப் பையன் சளைக்காமல் ஓடுவான். அதே இருவரையும் மே மாதம் கீழே வெயிலில் ஓடவிட்டால் கதை தலைகீழ். ஆகவே ஸ்டாமினா மதிப்பெண்ணை ஒரே இடத்தில் போடக்கூடாது. மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று இரண்டு தாள் வேண்டும். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும், கீழ்த்தாளை அதற்குப் பிறகே நிரப்ப வேண்டும்.

பந்தும் ஏமாற்றும். கீழே 8 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றடித்துக் கொண்டுபோன பந்து, மேலே குளிரிலும் 9-ஐத் தாண்டிக் காட்டும். கல் மாதிரி துள்ளும் அந்தப் பந்தை வைத்துக் கையாளும் திறனைப் பார்த்தால் எல்லோருமே தடுமாறுவார்கள். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் பந்தின் உச்சி 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் எழும்ப வேண்டும். அதற்கு மேல் போனால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடவும்.

போட்டிகளில் போய் உட்கார்ந்து பார்ப்பது

மலையடிவாரத்திலேயே பெரியகுளம் இருக்கிறது. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதத்தில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு வங்கி, ராணுவ, ரயில்வே அணிகள் வந்து ஆடும். அங்கே ஒரு உள்ளூர்ப் பையன் எடுக்கும் 6 புள்ளி, பள்ளி ஆட்டத்தில் எடுக்கும் 25 புள்ளிக்கு மேல். டிரையல்ஸைவிட இந்த வழி உசத்தி என்பதற்கு அதுவே காரணம்: எதிரே நிற்பவரின் தரம் தெரியும், ஆகவே பார்க்கும் எண்ணுக்கும் பொருள் இருக்கும்.

ஸ்கோர் ஷீட்டை மட்டும் நம்பினால் எல்லோரும் பார்த்த ஆளைத்தான் நாமும் பார்ப்போம். சொந்தமாக ஒரு நோட்டு வேண்டும், மூன்றே கட்டம் போதும். கை பட்டுத் திசை மாறிய பந்து எத்தனை, கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுக்கும் முன் எதிராளியை உடம்பால் அடைத்தது எத்தனை முறை, பந்து பறிபோனதும் மூன்று நொடிக்குள் திரும்பி ஓடியது எத்தனை முறை. எதையும் ஆடிய நிமிடத்தால் வகுத்து 40 நிமிடத்துக்கு மாற்றி எழுதவும். எட்டு நிமிடம் மட்டும் இறக்கிவிடப்படும் பெஞ்ச் ஆட்டக்காரர் அப்போதுதான் கண்ணில் படுவார். ஒரே ஆட்டத்து எட்டு நிமிடத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், குறைந்தது ஐந்து ஆட்டம் சேரட்டும். உட்காருகிற இடமும் முக்கியம்: பிரமுகர் நாற்காலியில் உட்கார்ந்தால் பந்து மட்டுமே தெரியும், போர்டுக்குப் பின்னால் மூலையில் உட்கார்ந்தால் கால் தெரியும்.

இதன் ஓட்டை, மே மாதம்தான். கொடைக்கானலில் அது சீசன். லாட்ஜ், கடை, படகுத்துறை, குதிரை என்று பதினெட்டு வயதுப் பையன்களுக்கு வருடத்தின் பாதிச் சம்பாத்தியம் அந்த ஆறு வாரத்தில்தான் வரும். நல்ல ஆட்டக்காரர் பெரியகுளத்துக்கு வராமலே போயிருக்கலாம். ஜூலைக்குப் பிறகு நடக்கும் பள்ளி, கல்லூரி ஆட்டங்களையும் முதலமைச்சர் கோப்பையின் மாவட்டச் சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இடைவெளி ஓரளவு அடையும். பெண்கள் அணி கட்டுபவர்களுக்கு இந்தச் சுற்றுகள்தான் முதன்மை, அங்கே வெளியாட்களின் கண் இன்னும் குறைவு.

விடுதியும் அணியும் கழித்துவிட்டவர்கள்

நான்கில் இதுதான் கனமான வழி, டெட்ராய்ட் போன வழியும் இதுவே. அரசு விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் ஆள் எடுக்கிறார்கள். அடிப்படை அங்கே ஊறிவிடும்: நிற்கும் நிலை, கூடைக்கு ஓடி வந்து போடும் லே-அப்பில் கால் கணக்கு, தடுப்பாட்டத்தில் பேசுவது. பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் சிலர் வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த 'ஏதோ' என்ன என்று வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும்.

உயரம் வரவில்லை என்பது ஒரு காரணம். 7, 8-ம் வகுப்பில் தேர்வு என்றால் முந்தி வளர்ந்த பிள்ளைக்குத்தான் சாதகம், பிந்தி வளர்பவர் கழிந்துபோவார். அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பையன் என்றால் 13 சென்டிமீட்டர் சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுத்தால் ஒரு மதிப்பீடு வரும். எட்டு சென்டிமீட்டர் அங்கே இங்கே ஆகலாம். 16 வயதில் அந்த எண்ணுக்கு இன்னும் வெகு கீழே நிற்பவர் வளரக்கூடும். உயரத்தோடு, நின்றபடி கை எட்டும் அளவையும் விரித்த கையின் நீளத்தையும் எடுக்கவும். சுவரும் சுண்ணாம்புக்கட்டியும் போதும்.

இன்னொரு காரணம், தவறான இடம். பள்ளியில் 183 சென்டிமீட்டர் உள்ள பையன்தான் சென்டர். கூடைக்கு முதுகு காட்டியே ஐந்து வருடம் ஆடியிருப்பான். பெரியவர்கள் ஆட்டத்தில் அந்த உயரத்துக்குச் சென்டர் இடம் கிடையாது, பந்தைத் தட்டிக்கொண்டு வரவும் யாரும் சொல்லித் தரவில்லை, ஆகவே கழித்துவிடுகிறார்கள். இவன் நமக்குப் புதையல். பெரிய உடம்பை அடைக்கத் தெரியும், ரீபவுண்ட் தெரியும். ஓரத்தில் ஆடும் விங் இடத்தில் நிறுத்தி, மூலையிலிருந்து எறியவும் வெளியே வந்து தடுக்கவும் கற்றுக்கொடுத்தால் போதும். என்.பி.ஏ. ஆட்டக்காரர் பி.ஜே. டக்கரின் பாதை ஏறக்குறைய இதுதான். 2006-ல் 35-வது ஆளாக எடுக்கப்பட்டு, சீக்கிரமே வெளியேற்றப்பட்டு, வெளிநாடுகளில் ஆடி, 2012-ல் திரும்பி வந்து மூலை எறிதலும் தடுப்பாட்டமுமாக நிலைத்தார். 2021-ல் மில்வாக்கி அணியோடு கோப்பையும் வாங்கினார்.

உடல் எடை, வீட்டு நினைப்பு, பரீட்சை, கோச்சோடு மனஸ்தாபம் — இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. 2002 டிராஃப்டில் விடுபட்ட உடோனிஸ் ஹாஸ்லம், பிரான்சில் ஒரு வருடம் ஆடி எடையைக் குறைத்து மயாமி அணிக்கு வந்தார், இருபது சீசன் அங்கேயே ஆடினார். முழங்கால் மட்டும் வேறு விஷயம். தசைநார் கிழிந்து சிகிச்சை முடித்தவரை மருத்துவர் தாளோடு மட்டுமே சேர்க்க வேண்டும். ஒற்றைக் காலில் மும்முறை தாண்டவிட்டு இரண்டு காலின் தூரத்தையும் ஒப்பிடுங்கள். அடிபட்ட கால் மற்றதன் 90 சதவீதத்தைத் தொடாவிட்டால் இந்த சீசனுக்கு வேண்டாம்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: பழைய கோச் சொன்ன ஒரு வரியை வைத்து ஆளை முடிவு செய்வது. 'ஒழுக்கம் சரியில்லை' என்றால், எத்தனை நாள் வரவில்லை, ஏன் என்று எண்ணாகக் கேளுங்கள். பாதி நேரம் அந்த ஒழுக்கக்கேடு, பூண்டு அறுவடைக்கு வீட்டுக்குப் போனதாக இருக்கும்.

வேறு ஆட்டத்திலிருந்து மாற்றுவது

மலைக் கிராமங்களில் வாலிபால் நெட் இல்லாத ஊர் குறைவு. தாவுதலும் கையும் அங்கே தயாராக இருக்கின்றன. என்.பி.ஏ. நட்சத்திரம் ஓலாஜுவோன் கால்பந்து கோல்கீப்பராகவும் ஹேண்ட்பால் வீரராகவும் இருந்தவர். இன்னொரு என்.பி.ஏ. நட்சத்திரம் எம்பீடுக்கு வாலிபால். இருவரும் 15 வயதையொட்டிக் கூடைப்பந்துக்கு வந்தார்கள் என்பதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். இருபது வயது வாலிபால்காரரைக் கொண்டுவந்தால் தாவுவார், பந்தைத் தட்டுவார், ஆனால் ஓடி வந்து நிற்கும்போது கால் சிக்கி, பந்தோடு கூடுதல் அடி வைத்த டிராவலிங் தவறுக்கு விசில்தான் கேட்கும். இரண்டு வருடம் காத்திருக்க முடிந்தால் மட்டும் ஒரு ஆள்.

ஒரே இடத்துக்கு நான்கையும் வைத்துப் பார்த்தால்

எதிரணியின் சிறந்த விங்கைத் தடுக்கவும் மூலையிலிருந்து எறியவும் ஒருவர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கழித்துவிடப்பட்ட பள்ளி சென்டர் பன்னிரண்டு வாரத்தில் பத்து நிமிடம் ஆடத் தயாராவார். போட்டியில் கண்டெடுத்த பெஞ்ச் ஆட்டக்காரருக்கு முறையைப் புரியவைக்க அரை சீசன். டிரையல்ஸ் பையனுக்கு ஒரு முழு சீசன், அதுவும் 200 எறிதல் சோதனையைத் தாண்டியிருந்தால். வாலிபால்காரர் அடுத்தடுத்த வருடக் கணக்கு. ஐந்து காலியிடத்தில் மூன்றைக் கழிந்தவர்களுக்கும், ஒன்றைப் போட்டியில் பார்த்தவருக்கும், ஒன்றை வளரும் பதினாறு வயதுக்காரருக்கும் கொடுப்பது எங்கள் கணிப்பு. டிரையல்ஸில் வந்தவர்களுக்கு அணியில் இடம் வேண்டாம், பயிற்சிப் பட்டியலில் இடம் கொடுங்கள்.

அந்தப் பட்டியலுக்கு முன்மாதிரி உண்டு. 2017-ல் என்.பி.ஏ. இருவழி ஒப்பந்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பதினைந்து பேர் கணக்கில் சேராமல் கீழ் லீக்கிலும் மேல் அணியிலும் மாறி மாறி ஆடலாம். 2023 முதல் அணிக்கு மூவர். டிராஃப்டில் விடுபட்ட கரூசோவும் டோர்ட்டும் அந்த வாசல் வழியாக நுழைந்தவர்கள், 2025-ல் ஓக்லஹோமா சிட்டி வென்ற கோப்பையில் இருவருக்கும் பங்குண்டு.

நம் அளவில் மூன்று பயிற்சி இடம், தங்குமிடம், சாப்பாடு, பேருந்துக் காசு, மாத உதவித்தொகை. தொகையை முடிவு செய்யும்போது மட்டும் ஏப்ரல், மே இரண்டையும் தனியாகக் கணக்குப் போடவும். அந்த இரண்டு மாதமும் சீசன் கூலியைவிடக் குறைத்துக் கொடுத்தால், பெரியகுளம் ஆட்டத்தன்று நம் விங் டிபெண்டர் கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பார்.