ஒரே சீட்டா, பருவத்துக்கு ஒன்றா?

காரில் பிள்ளையை உட்கார வைக்கும் பாதுகாப்புச் சீட்டைப் பற்றித்தான் பேச்சு. மூத்தவனுக்கு "பிறந்தது முதல் 36 கிலோ வரை" என்று போட்டிருந்த சீட்டை வாங்கினோம். 2020 ஜனவரி 1-இல் மலேசியாவில் இந்தச் சீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது, ஒரே செலவில் முடித்துவிடலாம் என்று கணக்கு. சின்னவளுக்குப் பருவத்துக்கு ஒன்றாக வாங்கினோம். இரண்டையும் சுங்கை சிப்புட் தோட்டச் சாலையில் ஓட்டிப் பார்த்தாயிற்று.

கைக்குழந்தைக்கு ஒரே சீட்டு சரிவரவில்லை. மூத்தவன் அதில் தூங்கினால் தாடை நெஞ்சில் போய் முட்டும். மூச்சை அடைக்கக்கூடிய நிலை அது. 13 கிலோ வரைக்குமான கைப்பிடிச் சீட்டில் சின்னவள் நன்றாகச் சாய்ந்து கிடந்தாள். இந்த வயதில் பின்பக்கம் பார்த்து உட்காருவதுதான் முக்கியம். குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இளசு. செம்பனைக் குலை ஏற்றிய லோரி முன்னால் திடீரென்று நின்று நாம் மோதினாலும், அடியை முதுகு முழுக்க வாங்கிக்கொள்ளும். ஆர்129 என்ற புதிய ஐ.நா. குழந்தைச் சீட்டு விதிப்படி 15 மாதம் வரை இது கட்டாயம். சீட்டு இடம் கொடுத்தால் அதற்கு மேலும் விடலாம். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் மட்டும் இப்படி வைக்கவே கூடாது.

"கால் மடங்குதே, திருப்பி வையேம்மா" என்றார் அத்தை. கால் மடங்கட்டும் அத்தை, கழுத்து தப்பட்டும்.

நடு வயதில் ஒரே சீட்டைக் குறை சொல்ல முடியாது. ஐந்து வார்ப்பட்டை, திடமான முதுகு. கனம்தான் தொல்லை. எங்கள் மைவி காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமலே சீட்டைக் காரோடு மாட்டுவது) இருக்கிறது, மாமாவின் பழைய சாகா காரில் இல்லை. அதனால் பெல்ட்டிலும் மாட்டக்கூடிய சீட்டாகப் பாருங்கள். முழங்காலை ஊன்றி பெல்ட்டை இறுக்கியபின், பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது.

அப்புறம் பூஸ்டர், அதாவது வளர்ந்த பிள்ளையை உயர்த்தி உட்கார வைத்து, காரின் பெல்ட்டையே போட்டுவிடும் சீட்டு. இங்கே தனியாக வாங்கியதே லாபம்: லேசு, விலையும் குறைவு, மாமா காடிக்கு ஒரு கையால் தூக்கிப் போகலாம். முதுகில்லாத பூஸ்டர் இன்னும் மலிவு, ஆனால் அதே ஆர்129 விதிப்படி அது 125 செ.மீ.க்கு மேல் வளர்ந்த பிள்ளைக்குத்தான். முதுகுள்ளதில் பெல்ட் கழுத்தை உரசாமல் தோளில் நிற்கிறது, தூங்கினாலும் பிள்ளை சரிவதில்லை. பெல்ட்டின் கீழ்ப்பகுதி வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிகிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும்.

எந்தச் சீட்டானாலும் வெயிலில் நிறுத்தினால் பக்கிள் கொதிக்கும். துவாலை ஒன்று போட்டு வையுங்கள்.