நான்காம் படிவத்தில் எது: பியூர் சயின்ஸா, அக்கவுண்டா?

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த பிறகு என்ன ஆகலாம் என்பதை வைத்துத்தான் எல்லாரும் இந்த இரண்டையும் எடைபோடுகிறார்கள். ஒரு பக்கம் டாக்டர், இன்ஜினியர். மறுபக்கம் ஆடிட்டர், பேங்க் வேலை. அதற்கு முன்னால் பிள்ளை இரண்டு வருடம் அந்த வகுப்பில் உட்கார வேண்டுமே! அந்த வகுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை எப்படி ஓடுகிறது என்று கேட்பவர் குறைவு. கோலாலம்பூர் செந்தூலில் இரண்டு தரப்புப் பிள்ளைகளுக்கும் கணக்கு டியூஷன் எடுப்பவள் நான். அவர்கள் நோட்டுகளைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எதை எடுத்தாலும் மலாய், ஆங்கிலம், வரலாறு, கணிதம் எல்லாருக்கும் உண்டு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நன்னெறிக் கல்வியும் உண்டு. மலாயிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. வரலாற்றுக்கு அந்த விதி 2013இல் வந்தது. ஆக, மனப்பாடத்துக்குப் பயந்து சயின்ஸ் பக்கம் ஓடும் பையன்கள் ஏமாந்துதான் போவார்கள். (நன்னெறி மட்டும் லேசாகியிருக்கிறது. 36 நெறிகளின் விளக்கத்தை வரி பிசகாமல் ஒப்பித்த தலைமுறை நாங்கள்.)

இன்னொன்று: சயின்ஸ், ஆர்ட்ஸ் என்ற பிரிவை 2020இலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது பாடங்களைத் தொகுப்பாக எடுக்கும் பேக்கேஜ் முறை. சட்டப்படி பிசிக்ஸோடு அக்கவுண்டும் சேர்த்து எடுக்கலாம். நடப்பில் ஆசிரியர், ஆய்வகம், கால அட்டவணை எல்லாம் பார்த்துப் பள்ளி எதை வைத்திருக்கிறதோ அதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அதனால் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

சயின்ஸ் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஆட் மேத்ஸ் என்னும் கூடுதல் கணிதம். ஒவ்வொன்றும் தனியாகக் கடினமில்லை. ஒரு வாரம் நழுவவிட்டால் அடுத்த பாடம் கழுத்தைப் பிடிக்கும், அதுதான் தொல்லை. ஆட் மேத்ஸில் லாகரிதம் விளங்காதவன், அதே வருடம் வரும் லீனியர் லா பாடத்திலும் மாட்டுவான். கெமிஸ்ட்ரியில் மோல் கணக்கைப் புரியாமல் தாண்டிவிட்டால், அமிலம், காரம், உப்பு என்று வரும்போது ஒன்றும் ஓடாது.

அதே கெமிஸ்ட்ரியில்தான் பிள்ளைகள் கண் விரியும் இடமும் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு உப்புக் கரைசலைக் கொடுத்து, உள்ளே என்ன அயனி என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளையாகத் திரியும். இன்னும் விட்டால் கரைந்துபோகும். அப்படியென்றால் துத்தநாகமா, அலுமினியமா, ஈயமா? அமோனியாவை நிறைய விட்டும் கரைந்தால் துத்தநாகம். கரையாவிட்டால் பொட்டாசியம் அயோடைடு; பளீரென்று மஞ்சள் விழுந்தால் ஈயம், விழாவிட்டால் அலுமினியம். இந்த மாதிரித் துப்பறிவதில் ருசி கண்ட பிள்ளைக்கு சயின்ஸ் வகுப்பு சொர்க்கம். நண்பன் செய்ததைப் பார்த்து நிறத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளும் பிள்ளைக்கு அது வெறும் பட்டியல். ஆய்வகத்தில் நின்று செய்யும் செய்முறைத் தேர்வு வரும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்.

அக்கவுண்டுக்கு நம்மவர்களிடம் நல்ல பெயர் இல்லை. படிப்பு வராதவன் எடுப்பது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் வந்து சேரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே முழிக்கிறார்கள். டெபிட், கிரெடிட் இரண்டும் ஏன் ஒரே தொகையில் முடிய வேண்டும் என்பதை மனசில் வாங்கிக்கொள்ள நேரம் ஆகும். இருப்பாய்வு (டிரையல் பேலன்ஸ்) எழுதினால் இரண்டு பக்கமும் சமமாக வரவே வராது. 270 ரிங்கிட் இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரப் பிள்ளை முதலில் அதை 9ஆல் வகுத்துப் பார்க்கும். மீதியின்றி வகுபட்டால், எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 630 என்பதை 360 என்று எழுதியிருக்கும். அது இல்லையென்றால் பாதியாக்கி 135 எங்கே இருக்கிறது என்று தேடும். பக்கம் மாற்றிப் பதிந்திருக்கலாம். பொறுமையாக நோட்டைத் தடவித் தேடுகிற இந்தக் குணம் எல்லாருக்கும் வராது. ஆட் மேத்ஸில் பளிச்சென்று விடை சொல்லும் பையன்கள் சிலர் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடு போடக்கூட சோம்பல்.

கூடவே வரும் பொருளியலும் வணிகவியலும் வாசித்து எழுதும் பாடங்கள். மலாயில் நாலு வரி கோவையாக எழுத வருகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. சயின்ஸ் பாடங்களுக்காவது, 2016இல் தொடங்கிய டி.எல்.பி. என்னும் இருமொழித் திட்டம் உள்ள பள்ளியில், ஆங்கிலத்தில் படிக்க வழி உண்டு.

“சயின்ஸ் எடுத்தால் பிறகு அக்கவுண்ட் பக்கம் போகலாம், அக்கவுண்ட் எடுத்தால் டாக்டர் ஆக முடியாது.” இதைச் சொல்லாத பெற்றோர் இல்லை. உண்மைதான். ஆனால் அந்தக் கதவு திறப்பது நல்ல கிரேடு வாங்கியவனுக்கு. பிசிக்ஸில் டி, ஆட் மேத்ஸில் ஈ என்று வரிசையாக வாங்கி வருகிற பிள்ளை, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பிக்கும்போது, சயின்ஸ் மாணவன் என்ற பெயர் ஒன்றும் கைகொடுக்காது. அதே பிள்ளை அக்கவுண்டில் ஏ வாங்கியிருக்கக்கூடும்.

தமிழை மறந்துவிட வேண்டாம். நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி கிடையாது. தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்க ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பல பள்ளிகளில் அந்த வகுப்பு பள்ளி முடிந்த பிறகு, பசியோடு. சயின்ஸ் பிள்ளைக்கு அதே மதியத்தில் டியூஷன் இருக்கும், முதலில் கழன்றுகொள்வது தமிழ். இலக்கியமும் எடுக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அக்கவுண்ட் பேக்கேஜில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், மூன்றாம் படிவக் கணக்கை யாரும் விரட்டாமல் தானாகச் செய்கிற பிள்ளைக்கு சயின்ஸ். உட்கார வைத்தால்தான் செய்யும், ஆனால் செய்வதைச் சுத்தமாகச் செய்யும் பிள்ளைக்கு அக்கவுண்ட், தயங்காமல். மூன்றாம் படிவ முடிவில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022இல் ஒழிந்த பிறகு மதிப்பெண்ணைக் காட்டிச் சண்டை போடவும் வழி குறைந்துவிட்டது. நோட்டுப் புத்தகம்தான் சாட்சி.

சேர்த்தபின் சரிவரவில்லை என்றால் முதல் சில வாரத்துக்குள் பள்ளியில் பேசிவிடுங்கள். அப்புறம் மாற்றுவது கஷ்டம். “வகுப்பு எப்படி?” என்று கேட்டால் “ஓகே” என்றுதான் பதில் வரும். ஆட் மேத்ஸ் முதல் பாடம் ஃபங்ஷன்ஸ். அந்தப் பயிற்சிகளில் எத்தனை காலியாகக் கிடக்கின்றன என்று நீங்களே புரட்டிப் பாருங்கள்.