ஊசிக்கு முன் படம்: அப்பாவுக்காக மதுரையிலும் சென்னையிலும் அலைந்த மூன்று வாரம்

லண்டனிலிருந்து மதுரைக்கு வந்திறங்கிய மறுநாளே அப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு என் கைக்கு வந்தது. வயது 71, பிஎஸ்ஏ 9.2. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவுதான் பிஎஸ்ஏ; அப்பாவுக்கு அது கூடியிருந்தது. புராஸ்டேட் வீக்கத்தாலோ சிறுநீர்த் தொற்றாலோகூட இந்த எண் ஏறும். ஆனாலும் புராஸ்டேட் புற்றாகவும் இருக்கலாம் என்பதால் அதை அப்படியே விட்டுவிட முடியாது.

வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மருத்துவமனையில் ஐந்தே நிமிடத்தில் நாள் குறித்துவிட்டார்கள். "நாளைக் காலையில் பயாப்சி எடுத்துவிடலாம்." ஆசனவாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, சுரப்பியில் 12 இடங்களில் ஊசியால் சதை எடுக்கும் பழைய முறை. முதலில் எம்ஆர்ஐ எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "இதில் ஒன்றும் தெரியாவிட்டால் அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அப்பா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் சம்மதத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

ஊசி முதலில், படம் பிறகு என்ற அந்த வரிசைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அல்ட்ராசவுண்டில் சுரப்பியின் அளவும் விளிம்பும் தெரியும். புற்று இருக்கும் இடம் பெரும்பாலும் பிரிந்து தெரியாது. பிரிட்டனில் 576 ஆண்களுக்கு இரண்டு சோதனைகளையும் செய்து ஒப்பிட்ட 'பிராமிஸ்' ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஆபத்தான புற்றில் எம்ஆர்ஐ 93 சதவீதத்தைக் காட்டியது. அந்த 12 ஊசி முறை 48 சதவீதத்தைத்தான் பிடித்தது. எம்ஆர்ஐ புற்றில்லாத இடத்தையும் சந்தேகமாகக் காட்டும் என்பது உண்மை. அதனால் ஊசி தேவைதான், ஆனால் எங்கே குத்துவது என்று தெரிந்து குத்த வேண்டும். பிரிட்டனின் 2019 வழிகாட்டுதல் எம்ஆர்ஐயை முதலில் வைப்பது இதனால்தான். பயாப்சிக்குப் பிறகு ஸ்கேன் எடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஊசி குத்திய இடங்களில் கசிந்த ரத்தம் பல வாரங்கள் தங்கிப் படத்தைக் குழப்பும்.

மதுரை ஸ்கேன் மையத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். காலையில் தொலைபேசியில் கேட்டேன், மாலையே நேரம் கொடுத்தார்கள். "ஐயா, சத்தம் பலமாக இருக்கும், பயப்படாதீர்கள்" என்று அங்கிருந்த பெண் அப்பாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிப் படுக்க வைத்தார். மறுநாள் மதியம் அறிக்கை வந்தது: சுரப்பியின் முன்பகுதியில் 11 மில்லிமீட்டர் அளவில் ஓரிடம், பை-ராட்ஸ் 4. எம்ஆர்ஐயில் தெரியும் சந்தேகத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடும் மதிப்பெண் அது. ஐந்தில் நான்கு என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே குறை, ஃபிலிமும் அறிக்கையும் மட்டும் கொடுத்தார்கள். குறுந்தகட்டை நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அடுத்து பார்க்கும் மருத்துவருக்குப் படம் முழுவதும் தேவை. ஊருக்கு வரும் யாரும் இதைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். அங்குள்ள யூராலஜி (சிறுநீர்ப்பாதை) மருத்துவர் குறுந்தகட்டைக் கணினியில் போட்டு, அந்த இடத்தை அப்பாவுக்கே காட்டினார். "ஆசனவாய் பின்பக்கம் இருக்கிறது, இந்தக் கட்டி முன்பக்கம். வழக்கமான 12 ஊசியும் இதைத் தொடாமலே திரும்பியிருக்கலாம்" என்றார். எம்ஆர்ஐ படத்தை நேரடி அல்ட்ராசவுண்ட் மீது பொருத்தி, ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் இடைப்பட்ட தோல் வழியாக ஊசி போட்டார்கள். அந்த வழியில் தொற்று அபாயம் குறைவு. எம்ஆர்ஐக்குள் போக முடியாதவர்களுக்கு வழக்கமானதைவிட நுணுக்கமாகக் காட்டும் 29 மெகாஹெர்ட்ஸ் நுண் அல்ட்ராசவுண்ட் உதவும் என்றும் சொன்னார். புராஸ்டேட் புற்றணுக்களை உடல் முழுவதும் தேடும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனை இப்போதே எடுக்கலாமா என்று கேட்டேன். புற்று உறுதியான பின், அது பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அதன் முக்கியப் பயன் என்று பொறுமையாக விளக்கினார்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. குறிவைத்து எடுத்த மூன்று துண்டுகளில் இரண்டில் புற்று, கிளீசன் 3+4 (புற்றின் வீரியத்தைக் குறிக்கும் மதிப்பெண்; இது நடுத்தரம்). சுற்றிலும் எடுத்த 12 துண்டுகளில் ஒன்றிலும் இல்லை. அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒன்றுமில்லை என்றல்லவா அனுப்பியிருப்பார்கள்" என்றார். சிகிச்சைக்கான முதல் ஆலோசனை வரும் வியாழக்கிழமை. என் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டேன்.